ஏழாம் முகாமுக்கு எழுதாத எண்

மாலை ஐந்து ஐம்பது.

ஐலி ரின்டாலா அவர்களே!

போர்ட் ஆல்டிஸில் இந்த நேரத்துக்கு விளக்கம் தேவைப்பட்டதில்லை. ஐந்து ஐம்பது என்றால் ஒன்பதாம் அலைவரிசை. ஒன்பது என்றால் வானிலை. வானிலை என்றால் நீங்கள். ஆகவே மண்டபத்துக் கடிகாரம் ஐந்து ஐம்பதைத் தொட்ட பிறகே இந்த மடலை வாசிப்பது என்று முடிவுசெய்தோம். மீன் சூப் ஆறுகிறது என்று சமையலறையில் கோபமாக இருக்கிறார்கள். பொறுத்துக்கொள்ளட்டும்.

கண்ணாடிக்குப் பின்னால் நின்றவரே! நீங்கள் வலமிருந்து இடமாக எழுதினீர்கள், நாங்கள் இடமிருந்து வலமாகப் படித்தோம். குன்றின் மேல் குடியிருந்தவரே! கோபுரத்துச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊர் படுக்கப் போகும். அதை எரிய வைத்தவர் நீங்கள். இன்று காலை டிரான்ஸ்மிட்டரைக் கடைசி முறையாக நிறுத்தி, கதவைப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நேராக இங்கே வந்தவரே! சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டீர்கள். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. உங்களிடமே இருக்கட்டும்.

பாராட்டு மடலில் இன்னும் நிறைய அடைமொழி வேண்டும் என்பார்கள். உங்களுக்குப் பிடிக்காது. புதிதாக வேலைக்கு வந்த எங்கள் ஒவ்வொருவரிடமும் நீங்கள் சொன்னது ஒன்றுதான். "பேரைச் சொல்லு. நம்பரைச் சொல்லு. எறங்கு." ஆகவே பெயர்களையும் நடந்தவற்றையும் சொல்கிறோம்.

அந்தக் காலத்தில் ஒளிப்பதிவு நாடா விலை அதிகம். இன்று பதிந்ததன் மேல் நாளை பதிவோம். போல்கா நடனத்தின் மேல் ஹாக்கி, ஹாக்கியின் மேல் ஞாயிறு வழிபாடு, வழிபாட்டின் மேல் மீண்டும் போல்கா. அதனால் ஒன்பதின் வரலாறு எந்தப் பெட்டியிலும் இல்லை. ஊரார் வாயில் கொஞ்சம் இருக்கிறது. உங்களைப் பற்றிச் சொன்னால் அதில் பாதியைச் சொன்னதாகும்.

1957இல் வில்ஃப் ஸ்பென்ஸ் இந்த நிலையத்தைத் தொடங்கினார். அவர் ரேடியோக் கடைக்காரர். தொலைக்காட்சிப் பெட்டி வாங்க யாரும் வரவில்லை. பார்க்க ஒன்றும் இல்லாத பெட்டியை யார் வாங்குவார்? ஆகவே பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று நிலையத்தையே கட்டிவிட்டார். பனிக்கட்டித் தரையில் கல்லைச் சறுக்கி ஆடும் பழைய கர்லிங் அரங்கம்தான் ஸ்டுடியோ. பனிக்கட்டியை எடுத்துவிட்டார்கள், குளிரை எடுக்க முடியவில்லை. செய்தி வாசிப்பவருக்கு மேஜைக்கு மேலே கோட்டும் டையும், மேஜைக்குக் கீழே முழங்கால்வரை கம்பளி பூட்சும். எங்கள் வரலாற்றிலேயே அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி, பனிப்புயல் நாட்களில் எந்தெந்தப் பள்ளிக்கு விடுமுறை என்று காலையில் வாசித்ததுதான். பிள்ளைகள் கைகூப்பிக் கேட்பார்கள்.

அப்போது ஊரில் ஆண்களில் பாதிப் பேர் குளிர்காலம் முழுவதும் மரவெட்டு முகாமில் இருப்பார்கள். காகித ஆலைக்கு மரம் அங்கிருந்துதான் வந்தது. வடக்கே ஏரியைத் தாண்டிப் பன்னிரண்டு முகாம்கள். ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுக் கொட்டகையில் ஒரு பெட்டி, ஒரு ஜெனரேட்டர். வேலை முடிந்து, உருளைக்கிழங்கும் இறைச்சியும் தட்டில் விழும் நேரம் ஐந்து ஐம்பது.

முதல் குளிர்காலத்தில் ஒரு தவறு நடந்தது. ஆலை விபத்தில் ஒருவர் இறந்தார். ஒன்பது அதைப் பெயரோடு செய்தியில் சொன்னது. இறந்தவரின் அண்ணன் மூன்றாம் முகாமில் நாற்பது பேர் நடுவில், வாயில் கவளத்தோடு, அதைக் கேட்டார். மறுநாள் வில்ஃப் ஸ்பென்ஸ் பனிவண்டி பிடித்து மூன்றாம் முகாமுக்குப் போனார். மன்னிப்புக் கேட்டுத் திரும்பியவர், ஊழியர்களைக் கூட்டிச் சொன்னார்.

"கெட்ட சேதிய மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். இந்தப் பெட்டிக்கு மூஞ்சி கிடையாது."

அன்று வந்தது அந்த வழக்கம். வானிலைப் படத்தில் பன்னிரண்டு முகாம்களின் பெயர்களும் உண்டு. பெயர் பக்கத்தில் அன்றைய குளிரின் அளவு எழுதப்படும். ஒரு முகாமில் இருக்கும் எவருடைய வீட்டிலாவது சாவு என்றால், அந்த முகாமுக்கு மட்டும் எண் எழுத மாட்டோம். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டோம். அங்கே முகாம் மேஸ்திரி எழுந்து அலுவலகக் குடிசைக்குப் போய், வயர்லெஸ்ஸில் எங்களைக் கூப்பிடுவார். யார் வீடு என்று நாங்கள் சொல்வோம். அவர் அந்த ஒருவரை மட்டும் விறகுக் குவியலுக்குப் பின்னால் அழைத்துப் போய்த் தோளில் கை வைத்துச் சொல்வார். மேஸ்திரி திரும்பி வரும்வரை மற்றவர்கள் முள்கரண்டியைத் தொடுவதில்லை. ஒருவரும் எதுவும் கேட்பதில்லை.

இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் தெரியாதவர் இல்லை.

1977இல் நீங்கள் வேலை கேட்டு வந்தீர்கள். அப்போது நீங்கள் ஐலி லெஹ்டோ. வானிலை சொல்பவர் கண்ணாடிப் படத்துக்குப் பின்னால் நின்று எழுத வேண்டும். முன்னால் இருக்கும் கேமராவுக்கு அது நேராகத் தெரிய வேண்டும். வந்த எல்லோரும் ஒரு எழுத்திலேயே தடுமாறினார்கள். நீங்கள் மெழுகுப் பென்சிலை இடது கையில் வாங்கி, பன்னிரண்டு எண்களையும் நிற்காமல் எழுதினீர்கள்.

"எங்க கத்துக்கிட்டம்மா?" என்றார் வில்ஃப்.

"பள்ளிக்கூட பஸ் கண்ணாடியில, முதலாளி. மூச்சு விட்டா பனி படியும்ல. வெளிய நிக்கிற தங்கச்சிக்கு நேரா தெரியணுமே."

"என்ன எழுதுவ?"

"பெரும்பாலும் திட்டுதான்."

அன்றே வேலை கிடைத்தது.

இனி 1979 பிப்ரவரி. இதைச் சொல்லாமல் விட்டால் மடலை முழுதாகச் சொன்னதாகாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கேமராவைப் பிடித்தவர் லாய்ட் பெல்ட்டியே. மாலை நான்கு மணிக்கு வரும் குழந்தைகள் நிகழ்ச்சியில் செஸ்டர் என்ற பீவர், அதாவது மரத்தைக் கடித்து அணை கட்டும் நீர்விலங்கு, பொம்மைக்குள் இருந்த கையும் அவருடையதே. அன்று வானிலை ஓடிக்கொண்டிருந்தபோது, செய்தி வாசிப்பவரின் டையை உருவி பீவருக்குக் கட்டி, கேமரா மேல் உட்கார வைத்தார். நீங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினீர்கள். கட்டுப்பாட்டு அறையிலும் சிரிப்பு. படம் மறைந்தது. முதல் ஆறு முகாமுக்கு எண் இருந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வரை இருந்தது. ஏழுக்கு இல்லை.

ஏழாம் முகாமின் மேஸ்திரி ஓரெஸ்ட் ஹவ்ரிலுக். அவர் எழுந்து குடிசைக்குப் போனார். அன்று அங்கே பனிப்புயல். வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டுமே வந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கொட்டகைக்குத் திரும்பி வந்தபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆறிய தட்டுகளின் முன் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எவர் தோளிலும் கை வைக்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது என்று பின்னர் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டை ஒருமுறை அங்கேயே இழந்தார்கள்.

மறுநாள் காலை புயல் விட்டதும் ஓரெஸ்ட் சொன்னது இவ்வளவுதான்: "யாருன்னு தெரியல. அதனால எல்லாரும் போவோம்."

டிராக்டர் இழுத்த சறுக்கு வண்டிகளிலும் இரண்டு லாரிகளிலும் ஏழாம் முகாம் முழுவதும் ஏரியின் உறைந்த முதுகைத் தாண்டி வந்தது. வீட்டுக்குப் போக ஒருவருக்கும் துணிவில்லை. நேராக நிலையத்துக்கு வந்தார்கள். மாலை நான்கு மணி கடந்திருந்தது. பீவர் நிகழ்ச்சி நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சுகளில் குழந்தைகள். கதவு திறந்தது. பனி அப்பிய தாடிகளோடும் பூட்சுகளோடும் அவ்வளவு பேரும் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். லாய்ட் கையில் பீவர் வாயைத் திறந்தபடியே இருந்தது. ஊரே பார்த்தது.

ஓரெஸ்ட் உங்களைப் பார்த்துக் கேட்டார்.

"யாரு வீட்டுல, தங்கச்சி?"

உங்களுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பின்கதவு உங்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. புயல் என்று சொல்லியிருக்கலாம், பென்சில் என்று சொல்லியிருக்கலாம், லாய்ட் என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் வெளிச்சத்துக்கு வந்து நின்றீர்கள்.

"யாரு வீட்டுலயும் இல்ல, அண்ணே. எல்லாரும் நல்லா இருக்காங்க. நான்தான் எழுத மறந்துட்டேன்."

 பிறகு ஒரு இளைஞர், முகாமில் எல்லோரையும்விட உயரமானவர், குழந்தைகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்து சத்தமாக அழுதார். பக்கத்திலிருந்த சிறுமி லாய்ட் கையிலிருந்து பீவரை உருவி அவர் மடியில் வைத்தாள். "இது கடிக்காது" என்றாள்.

அவர் வெய்க்கோ ரின்டாலா. பின்னால் அவர் உங்கள் கணவரான கதையை ஊர் எங்களைவிட நன்றாகச் சொல்லும்.

கிளம்பும்போது ஓரெஸ்ட் உங்களிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம்.

"தங்கச்சி, இனிமே குளிரு எவ்வளவுன்னு தெரியலன்னா, பொய்யாவாவது ஒரு நம்பர் போட்டுடு. ஏழாம் முகாம்ல ஒருத்தனும் தெர்மாமீட்டர எடுத்துப் பாக்க மாட்டான்."

அன்று அவர்கள் எல்லோரும் நடு வாரத்தில் வீட்டுக்குப் போனார்கள். "என்ன, இன்னிக்கு வந்து நிக்கறீங்க?" என்று மனைவிமார் கேட்டார்கள். "சும்மாதான். பாத்துட்டுப் போலாம்னு." அந்த ஆண்டு நவம்பரில் மருத்துவமனையில் பிரசவக் கட்டில் போதவில்லை. ஏழாம் முகாம் பிள்ளைகள் என்று இன்றும் அவர்களைச் சொல்வார்கள். இந்த மண்டபத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் நகர மேயர். எழுந்து நிற்க வேண்டாம், தெரியும்.

மறுநாள் நீங்கள் பென்சிலை வில்ஃப் ஸ்பென்ஸின் மேஜையில் வைத்தீர்கள்.

"என்ன இது?" என்றார்.

"நான் போறேன், முதலாளி."

"நீ போனா யாரு எழுதுவா? லாய்டா? அவன் எழுதினா பன்னெண்டு முகாமும் ஊருக்கு வந்துடும்." பென்சிலை உங்கள் பக்கம் உருட்டினார். "மறந்தத மூஞ்சியப் பாத்துச் சொன்னல்ல. போ, போய் எழுது."

அதன்பின் நீங்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டீர்கள். எழுதி முடித்து இறங்குமுன் பன்னிரண்டு பெயர்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொடுவீர்கள். வெளியூர்க்காரர்கள் அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்தார்கள். மறதியால் ஒரு முகாமும் விடுபட்டதில்லை. காரணத்தோடு நீங்கள் எழுதாமல் விட்ட நாட்கள் உண்டு. அவற்றை நாங்கள் இங்கே சொல்லவில்லை. அந்தந்த வீடுகளுக்குத் தெரியும்.

குன்றின் மேல் டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டபோது, காற்றுக்கும் கரடிக்கும் பயந்து யாரும் போகவில்லை. நீங்களும் வெய்க்கோவும் போனீர்கள். பகலில் இயந்திரம், மாலையில் கண்ணாடி. நிலையத்துக்குச் சொந்தமான அந்தச் சின்ன வீட்டின் பின்னால் வெய்க்கோ தன் கையால் பலகையில் ஒரு சவுனா, நீராவிக் குளியலறை, கட்டினார். சனிக்கிழமை தோறும் எங்களை அதில் அவித்தெடுத்து, ஏலக்காய் மணக்கும் புல்லா ரொட்டியும் காப்பியும் கொடுத்து அனுப்பினீர்கள். லாய்ட் ஒருமுறை வெந்தது தாளாமல் வெளியே ஓடி, துண்டோடு கோபுரத்து ஏணியில் ஏறி நின்றதை ஊர் கீழிருந்து பார்த்தது. அது ஒளிபரப்பாகவில்லை என்பது ஒன்பதின் பெரிய குறைகளில் ஒன்று.

பிறகு சாலைகள் வந்தன. மரம் வெட்டுபவர்கள் காலையில் போய் மாலையில் திரும்பினார்கள். முகாம்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வில்ஃப் ஸ்பென்ஸ் காலமானார். நிலையம் ஒரு கை மாறியது, இன்னொரு கை மாறியது, கடைசியில் டொராண்டோவில் ஒரு தலைமை அலுவலகத்தின் கீழ் வந்தது. செய்தி ஒரு மணி நேரத்திலிருந்து அரை மணியானது, அரை மணி பத்து நிமிடமானது. மற்ற ஊர்களில் கணினிப் படம் வந்தது. நீங்கள் கண்ணாடியை விடவில்லை. ஆளில்லாத பன்னிரண்டு முகாம்களுக்கும் தினமும் எண் எழுதினீர்கள். யாரும் இல்லாத இடத்துக்கு எதற்கு வானிலை என்று தலைமை அலுவலகம் தொலைபேசியில் கேட்டது.

"அங்கயும் குளிருது சார்" என்றீர்கள்.

வெய்க்கோ மறைந்தது 1998 மார்ச்சில். அன்று வர வேண்டாம் என்று சொன்னோம். வந்தீர்கள். குரலில் மாற்றம் இல்லை. எண்களை எழுதினீர்கள். ஏழாம் முகாமுக்கு எழுதவில்லை. ஏழாம் முகாம் மூடிப் பத்து ஆண்டு ஆகியிருந்தது. எழுந்து வயர்லெஸ்ஸுக்குப் போக அங்கே ஒருவரும் இல்லை.

ஓய்வுபெற்ற ஓரெஸ்ட் தன் வீட்டுச் சமையலறையில் பார்த்துக்கொண்டிருந்தார். சூப் தட்டைத் தள்ளி வைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். நீங்கள் அப்போதுதான் கையிலிருந்த மெழுகைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"யாரு வீட்டுல, தங்கச்சி?"

"என் வீட்டுல, அண்ணே."

அவர் உங்கள் தோளில் கை வைத்து வெளியே அழைத்துப் போனார். எங்களிடம் விறகுக் குவியல் இல்லை. லாரிக்குப் பின்னால் நின்றீர்கள். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் நற்பண்புகளைத் தனியாகப் பட்டியலிட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. நீங்கள் நேரத்துக்கு வந்தீர்கள். பிழையை ஒத்துக்கொண்டீர்கள். பிறர் துயரத்தைக் காட்சியாக்கவில்லை. தொலைக்காட்சி வேலையில் நாற்பத்து நான்கு ஆண்டு இருந்த ஒருவரைப் பற்றி இதைச் சொல்ல முடிகிறது. அதற்கு மேல் என்ன?

வாழ்த்துகிறோம். உங்கள் முழங்கால் வலி குறையட்டும். புது வீட்டில் அடுப்பு புகையாமல் எரியட்டும். சவுனாவைப் பலகை பலகையாகக் கழற்றி ஊருக்குள் கொண்டுவர லாய்டின் மகன் தன் லாரியைத் தருகிறான். அடுத்த சனிக்கிழமைக்குள் அது நிற்கும். நீங்கள் நீண்ட காலம் நலமாக இருந்து, மாலை ஐந்து ஐம்பதுக்கு இனி சும்மா உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும். முடியுமா என்று பார்ப்போம்.

அன்புடன்,
போர்ட் ஆல்டிஸ் ஒன்பதாம் அலைவரிசையின் பழைய ஊழியர்கள்
ஃபின்னிய மண்டபம், அக்டோபர் 2021

கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கும் மடல் இங்கே முடிகிறது. கண்ணாடிக்குள் இதற்கு மேல் இடமில்லை என்று சட்டக் கடைக்காரர் சொல்லிவிட்டார். ஆனால் வாசிப்பதை நிறுத்த வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். கடைசி நாளைச் சொல்லாமல் சூப் குடிக்க முடியாது.

2009 நவம்பர், வெள்ளிக்கிழமை. டொராண்டோவிலிருந்து கென்ட்ரிக் என்பவர் மதிய விமானத்தில் வந்தார். மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவில்லை. உள்ளூர் ஒளிபரப்பு இன்றோடு சரி என்றார். ஆறு மணிக்கு மேல் எல்லாம் டொராண்டோவிலிருந்து வரும். இங்கே டிரான்ஸ்மிட்டர் மட்டும் அதை வாங்கிப் பரப்பும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர் இருப்பார், அது நீங்கள். ஊருக்கு முன்கூட்டித் தெரிந்தால் கூச்சல் வரும், திங்கள்கிழமை பத்திரிகையில் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பிறகு உங்களிடம் தனியாக, ஆனால் எங்கள் காதில் விழும்படி, சொன்னார்.

"வழக்கம்போல வானிலை சொல்லுங்க. போயிட்டு வரேன், நன்றி, கண்ணீரு, ஒண்ணும் வேணாம். நீங்க சொன்னாலும் சரி, இவங்கள்ல யாரு சொன்னாலும் சரி, குன்று மேல இருக்கற வேலை போயிடும். வீடும் கம்பெனி வீடு. புரியுதில்லம்மா?"

"புரியுது சார்."

ஐம்பத்திரண்டு ஆண்டு ஒவ்வொரு வீட்டுச் சாவையும் தெரிந்து வைத்திருந்த நிலையம், தான் சாவதை யாருக்கும் சொல்லாமல் சாக வேண்டும் என்பது ஏற்பாடு. எங்களிடம் கைபேசிகள் இருந்தன. உங்களிடம் அந்த வீடு இருந்தது. வெய்க்கோ கட்டிய சவுனா அதன் பின்னால் இருந்தது. ஒருவரும் யாரையும் கூப்பிடவில்லை.

லாய்ட் மட்டும் கேமராவுக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தார். "நான் கத்திடறேன் ஐலி. கேமராவ என் மூஞ்சிக்குத் திருப்பிக் கத்திடறேன்."

"உன் மூஞ்சியப் பாத்தா ஊரே பெட்டிய அணைச்சுடும். கேமராவப் புடி. கை ஆடாமப் புடி."

ஐந்து ஐம்பது.

கண்ணாடிக்குப் பின்னால் நின்றீர்கள். வடமேற்கிலிருந்து காற்று என்றீர்கள். ஏரிமேல் மேகம் திரள்கிறது, விடிவதற்குள் பனி விழும் என்றீர்கள். ஒன்றாம் முகாமின் பெயரை விரலால் தொட்டீர்கள். எண் எழுதவில்லை. இரண்டாம் முகாம். எழுதவில்லை. காற்றின் வேகத்தைச் சொல்லிக்கொண்டே மூன்று, நான்கு, ஐந்து. ஏழாம் முகாமில் விரல் கொஞ்சம் நின்றது. பன்னிரண்டுவரை தொட்டீர்கள். ஒன்றுக்கும் எழுதவில்லை. கடைசியாகப் படத்தின் அடியில் இருக்கும் எங்கள் ஊர், போர்ட் ஆல்டிஸ். ஐம்பத்திரண்டு ஆண்டில் ஒருநாளும் எண் இல்லாமல் இருந்ததில்லை. பென்சிலை அதனருகே கொண்டுபோனீர்கள். எழுதாமல் இறக்கினீர்கள்.

கென்ட்ரிக் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்பர் எங்க? பென்சில் தீந்துபோச்சா?" என்று எங்களைக் கேட்டார்.

"பழைய பென்சில் சார்" என்றோம்.

"நல்லாக் குளிரும். பத்திரமா இருங்க" என்றீர்கள், தினமும் சொல்வதுபோல. ஆறு மணி. டொராண்டோ வந்தது.

தொலைபேசி அடித்தது. கென்ட்ரிக் எடுக்க வேண்டாம் என்றார். மறுபடி அடித்தது. பிறகு எல்லாத் தொலைபேசிகளும் சேர்ந்து அடித்தன. சிறிது நேரத்தில் அவை தாமாகவே ஓய்ந்தன. அது எங்களைப் பயமுறுத்தியது. ஜன்னலுக்குப் போனோம். ஆலைச் சாலையில் விளக்குகள். ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள், கார்கள், இரண்டு பனிவண்டிகள், ஒரு பள்ளி பஸ். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. முற்றம் நிறைந்து, சாலையோரம் நிறைந்து, பழைய கர்லிங் அரங்கத்தைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் கையில் துணி மூடிய பாத்திரங்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். மைனஸ் பதினெட்டு. அதை நீங்கள் எழுதவில்லை, எங்களுக்குத் தெரியும்.

கென்ட்ரிக் அன்று ஒளிபரப்பானதை இரண்டு முறை போட்டுக் கேட்டார். வரம்பு மீறிய வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை. அதனால்தான் உங்கள் வேலை இன்று காலைவரை உங்களிடம் இருந்தது.

நீங்கள் கோட்டை மாட்டிக்கொள்ளாமல், பென்சிலோடு, முன்படிக்கு வந்தீர்கள். நாங்கள் பின்னால் நின்றோம். கூட்டம் விலகியது. ஓரெஸ்ட் வந்தார். எண்பது வயது. பேரன் பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டு, பனியில் தானே நடந்து வந்து, முதல் படியில் நின்றார். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஊர் முழுவதும் மூச்சு விடுவது வெள்ளையாகத் தெரிந்தது.

"யாரு வீட்டுல, தங்கச்சி?"